சான் இசித்ரோவுக்கு அபிஷேகம்

பால் கிண்ணத்தில் தாடி மிதந்துகொண்டிருந்தது.

ஆபீஸ் பையைத் தோளிலிருந்து இறக்காமலே குமாரசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தான். தாடியேதான். பழுப்பு நிறத்தில், ஓரம் சுருண்டு, ஆறின பாலின் ஏடுபோலக் கிடந்தது.

"தமயந்தி! இது என்னது?"

"எது?" சமையலறையிலிருந்து மனைவியின் குரல் மட்டும் வந்தது.

"சாமியோட தாடி எப்படி பால்ல வந்துச்சு?"

"ஓ, அதுவா. அபிஷேகம் பண்ணேன். தயிர் ஊத்தும்போதே கொஞ்சம் லூஸாத்தான் இருந்துச்சு."

குமாரசாமி பூஜை அலமாரியைப் பார்த்தான். முருகனுக்கும் பிள்ளையாருக்கும் நடுவில், நெற்றி நிறைய விபூதிப் பட்டையும் குங்குமமும் சாமந்திச் சரமுமாக, ஸ்பெயின் தேசத்துச் சாமி சான் இசித்ரோ நின்றுகொண்டிருந்தார். தாடி இல்லை. தொப்பியின் விளிம்பு ஊறித் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஐயோ, யாரைக் கேட்டுடி அபிஷேகம் பண்ணே?"

"யாரைக் கேக்கணும்? வீட்டுக்கு வந்த சாமியை நாலு நாளாக் குளிப்பாட்டாம வெச்சிருக்கோம். வெள்ளிக்கிழமை வேற. பால், தயிர், தேன் எல்லாம் முறையாத்தான் பண்ணேன். இளநீர் மட்டும் டின்லதான் கிடைச்சுது."

"தண்ணியே படக்கூடாதுன்னு பாக்கோ படிச்சுப் படிச்சுச் சொன்னாரே!"

"யார்கிட்ட சொன்னாரு?"

"என்கிட்ட."

"நீங்க யார்கிட்ட சொன்னீங்க?"

குமாரசாமி சோபாவில் உட்கார்ந்துவிட்டான். பத்து வருஷக் கல்யாண வாழ்க்கையில் இந்தக் கேள்வி வந்தால் அவன் உட்கார்ந்துவிடுவதுதான் வழக்கம்.

சான் இசித்ரோ இந்த வீட்டுக்கு எப்படி வந்தார் என்று சொல்லிவிடுகிறேன். நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரத்தின் சான்ட்ரிங்ஹாமில் ஒரே மனைக்குள் முன்னால் ஒரு வீடு, பின்னால் ஒரு வீடு. இரண்டும் என்கார்னா என்கிற ஸ்பெயின்காரப் பெண்மணிக்குச் சொந்தம். முன்வீட்டில் அவரும் கணவர் பாக்கோவும் இருக்கிறார்கள். பின்வீட்டில் வாடகைக்கு இருப்பது நம் குமாரசாமி, தமயந்தி, பெண் மஹதி. என்கார்னாவின் ஊர் ஸ்பெயினில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற ஒரு சின்ன ஊர். பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். அந்த ஊரில் ஒயின் செய்கிற நாள் போக மிச்ச நாளெல்லாம் திருவிழா. ஆக்லாந்துக்கு வந்த பிறகும் என்கார்னா ஒரு திருவிழாவையும் விடவில்லை. அந்தப் பக்கத்து ஆட்கள் ஒரு கூட்டமே இங்கே இருக்கிறது. எல்லாரும் என்கார்னா வீட்டுக் கொடிப்பந்தலின் கீழ்தான் கூடுவார்கள்.

குடிவந்த முதல் மாதமே குமாரசாமி கணக்குப் போட்டுவிட்டான். ஹவுஸ் ஓனரம்மாவின் மனசு குளிர வேண்டுமானால் திருவிழாவுக்குப் போக வேண்டும். போனான்.

ஜனவரியில் சான் அன்தோன். வீட்டுப் பிராணிகளுக்கு ஆசீர்வாதம். குமாரசாமி வீட்டில் பிராணி கிடையாது. "வெறுங்கையோட வரக்கூடாது குமார்" என்று என்கார்னா சொல்லிவிட்டதால், மஹதியின் தங்க மீனை ஊறுகாய் பாட்டிலில் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றான். பொங்கலுக்கு லீவு போடாத மனிதன், சான் அன்தோனுக்கு லீவு போட்டான்.

அப்புறம் மத்தி மீனுக்கு இறுதி ஊர்வலம். ஆமாம், மீனுக்குத்தான். அட்டைப் பெட்டிக்குள் ஒரு மத்தியைக் கிடத்தி, கறுப்பு உடை உடுத்தி, தெருவெல்லாம் அழுதுகொண்டே போய்ப் புதைப்பார்கள். வேடிக்கைக்குத்தான் அழுகை. குமாரசாமிக்கு அது தெரியாது. பரம்பரை சைவமான அவன், பெட்டியின் ஒரு மூலையைத் தோளில் தாங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, உண்மையாகவே கண்ணீர் விட்டான். அந்த வருஷம் நன்றாக அழுதவருக்கான பரிசு அவனுக்குத்தான் கிடைத்தது.

மார்ச்சில் திராட்சை அறுவடை. ஸ்பெயினில் இது செப்டம்பரில் வருமாம். ஆனால் பந்தலில் இருப்பது நியூசிலாந்துக் கொடி, அது மார்ச்சில்தான் பழுக்கும். துணி ஊறவைக்கிற தொட்டியில் பழத்தைக் கொட்டி மிதிக்க வேண்டும். குமாரசாமி பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு மிதித்தான். அடுத்த வாரம் கோயிலில் அவனுடைய ஊதாக் கால்களைப் பார்த்த ஒருவர், "சுகர் இருக்கா? டாக்டரைப் பாருங்க" என்று தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

ஜூனில் நெருப்பைத் தாண்டிக் குதிக்கிற சான் ஹுவான். 'தீ மிதிக்கிற பரம்பரைடா நாங்க' என்று குதித்ததில் ஒரே ஒரு நல்ல பேன்ட் போயிற்று. வருஷக் கடைசியில் மணியடிக்க அடிக்கப் பன்னிரண்டு திராட்சை விழுங்க வேண்டும். ஏழாவதில் விக்கி, நர்ஸான தமயந்தியிடம் முதுகில் அடி வாங்கித்தான் அவனுக்குப் புது வருஷம் பிறக்கும்.

ஊரிலிருந்து அம்மா போனில், "ஆடிக்கு என்னடா பண்ணே?" என்று கேட்டால், "ஆடி எப்போம்மா வந்துச்சு?" என்பான். சான் இசித்ரோ எப்போது என்று கேட்டுப் பாருங்கள். தூக்கத்தில்கூடச் சொல்வான்.

சிரிக்காதீர்கள். ஆக்லாந்தில் வாடகைக்கு வீடு பார்க்கப் போவது, பெண் பார்க்கப் போவதைவிட மோசம். பெண் வீட்டிலாவது பஜ்ஜி கொடுப்பார்கள். மஹதியின் பள்ளி நடக்கிற தூரத்தில் இருக்கிறது. தமயந்தியின் ஆஸ்பத்திரிக்கு ஒரே பஸ். நம் ஊர்ச் சாமான் விற்கிற மளிகைக் கடை தெருமுனையில். இதெல்லாம் சேர்ந்த இன்னொரு வீடு இந்த ஜென்மத்தில் கிடைக்காது. அதற்குத்தான் ஆபத்து வந்திருந்தது. வெலிங்டனில் இருக்கிற என்கார்னாவின் மகன் ரஃபா, இரண்டு வீட்டையும் இடித்துவிட்டு டவுன்ஹவுஸ் கட்டலாம் என்று அம்மாவை நச்சரித்துக்கொண்டிருந்தான்.

"சான் இசித்ரோ முடியட்டும், சொல்றேன்" என்று என்கார்னா எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லி வைத்திருந்தார்.

சான் இசித்ரோ உழவர்களுக்கும் திராட்சைத் தோட்டக்காரர்களுக்கும் காவல் சாமி. மே மாதத்தில் அவருக்கு ஊர்வலம். அதற்கு முந்தைய ஒன்பது நாளும் சாமி ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்குவார். என்கார்னா ஊரிலிருந்தே கொண்டுவந்த சாமி. முழ உயரம், நீள அங்கி, அகலத் தொப்பி, மார்பை மறைக்கிற தாடி. பக்கத்தில் கலப்பையும், நல்ல திமிலோடு இரண்டு மாடுகளும். இந்த வருஷம் என்கார்னா அந்தச் சாமியைத் தூக்கிக் குமாரசாமியின் கையில் கொடுத்துவிட்டார்.

"உன்னை நம்பித்தான் கொடுக்கிறேன் குமார். பார்த்துக்குவியா?"

"சாமி விஷயத்துல எங்களை அடிச்சுக்க ஆளே இல்லைங்க" என்றான் குமாரசாமி. அவன் வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அதிகம் பேசாத பாக்கோ மட்டும் அவனைத் தனியாக ஓரம்கட்டி, "தண்ணி மட்டும் படக்கூடாது. ஒரு சொட்டுகூட" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

இப்போது தாடி பாலில்.

"சரி, முதல்ல விபூதியைத் துடைப்போம்" என்று குமாரசாமி ஈரத் துணியை எடுத்தான். குங்குமம் போயிற்று. விபூதித் தூளும் போயிற்று. ஆனால் நெற்றியில் மூன்று கோடுகள் அப்படியே நின்றன.

"போக மாட்டேங்குதே!"

"பழனி விபூதி. அப்படித்தான்" என்றாள் தமயந்தி பெருமையாக.

பாத்திரம் தேய்க்கிற நாரை எடுத்துத் தேய்த்தான். கோடுகள் இன்னும் வெளுத்தன. சோப்புப் போட்டுத் தேய்த்தான். பளிச்சென்று ஆயின. தேய்த்த தேய்ப்பில் தொப்பியின் விளிம்பு கையோடு வந்துவிட்டது.

ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்த மஹதி எட்டிப் பார்த்தாள். "அப்பா, நௌ ஹி லுக்ஸ் லைக் பெரியப்பா."

"போய்ப் படிடி!"

அப்போது வாசல் மணி அடித்தது. சாமி தங்குகிற ஒன்பது நாளும் என்கார்னா சாயங்காலம் வந்து ஜெபம் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். குமாரசாமிக்கு அது மறந்தே போயிருந்தது. பாய்ந்து போய் லைட்டை அணைத்தான். ஒற்றைக் குத்துவிளக்கு மட்டும் எரிந்தது. சாமி முகம் வெறும் நிழல்.

"ஏன் இருட்டா இருக்கு?" என்றார் என்கார்னா.

"எங்க வழக்கம். வெள்ளிக்கிழமை சாமி முன்னாடி விளக்கு மட்டும்தான்."

"ஆகா, எவ்வளவு அழகான வழக்கம்!"

அவர் கண்ணை மூடி ஜெபம் சொல்லி முடித்தார். குமாரசாமி மூச்சு விட்டான். போகிறபோது என்கார்னா திரும்பி, "நாளைக்கு வர முடியாது. ஞாயிற்றுக்கிழமை நம்ம ஆளுங்க எல்லாரையும் கூட்டிட்டு வரேன். இந்த விளக்குப் பூஜையை அவங்களும் பார்க்கணும்" என்றார்.

கதவு சாத்தியதும் தமயந்தி கேட்டாள். "வெள்ளிக்கிழமை வழக்கம் ஞாயித்துக்கிழமை எப்படி வரும்?"

"அதை அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல தாடி!"

குமாரசாமி போன் போட்டதில், சனிக்கிழமை காலையிலேயே செல்வரத்தினம் வந்துவிட்டார். ஒனிஹங்காவில் ஒரு ஹார்ட்வேர் கடையில் பெயின்ட் கவுன்ட்டர் பார்க்கிறவர். யாழ்ப்பாணத்துக்காரர். உலகத்தில் தெரியாத வேலை என்று அவருக்கு ஒன்று கிடையாது, அவரைக் கேட்டால்.

"ஓம், ஓம். உது சின்ன வேலை தம்பி. ஏன் முகம் வாடிப்போய் நிக்கிறீர்?" என்று சாமியைக் கையில் எடுத்துத் திருப்பினார். "முதல்ல பழைய பெயின்ட்டக் கழுவ வேணும். பிறகுதான் புதுசு அடிக்கலாம்."

"கழுவினதுதாண்ணே பிரச்சினையே!"

"அது நீங்கள் கழுவினது. இது நான் கழுவுறது."

அவர் கழுவினார். தாடி இருந்த இடத்தில் மிச்சமிருந்த பழுப்பும் போனது. உதட்டுக்கு மேலே, இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட கறுப்பு மீசை ஒன்று தெரிந்தது.

"அண்ணே, என்னண்ணே மீசை வருது?"

செல்வரத்தினம் ஒரு கணம்தான் யோசித்தார். "அது அந்தக் காலத்து ஸ்பெயின் முறை. முதல்ல மீசை கீறி, அதுக்கு மேலதான் தாடி வைக்கிறது. அப்பதான் தாடி இயற்கையா இருக்கும்."

"அப்ப அந்த மூணு கோடு?"

"பிரைமர். அடியில வெள்ளை பிரைமர் அடிச்சிருப்பினம். நீர் நாரால உரஞ்சினபடியால் வெளியில வந்திட்டுது."

"மூணு கோடாவா வரும்?"

"உம்மட விரல் எத்தினை தம்பி? மூண்டு விரலால அழுத்தித் தேய்ச்சிருப்பீர்."

குமாரசாமி தன் விரல்களைப் பார்த்தான். இருக்கலாம் என்றுதான் தோன்றியது. விவரம் தெரிந்தவர்கள் அடித்துச் சொன்னால் அவனுக்கு எதுவும் இருக்கலாம் என்றுதான் தோன்றும். இந்த வீட்டுக் வாடகைப் பத்திரத்திலும் அப்படித்தான் படிக்காமல் கையெழுத்துப் போட்டான்.

சின்னச் சின்ன சாம்பிள் டப்பாக்களைத் திறந்து செல்வரத்தினம் வேலையை ஆரம்பித்தார். முகத்துக்கு ஒரு நிறம், தாடிக்கு ஒரு நிறம். காய்ந்ததும் பார்த்தால், முகம் வெயிலில் தூங்கிவிட்டு எழுந்த வெள்ளைக்காரன் முகமாகச் சிவந்திருந்தது. தாடி ஆரஞ்சு நிறம். மூன்று கோடுகளும் புதுப் பெயின்ட்டுக்கு மேலே மெல்ல எழும்பி வந்தன.

"இன்னொரு கோட் அடிப்பம்."

அடித்தார். கோடுகள் மறுபடி வந்தன.

"எனக்கு இப்ப ஷிஃப்ட் இருக்கு" என்று செல்வரத்தினம் தூரிகையைக் கழுவினார். "ஒண்டும் யோசியாதையும். ஒரு தொப்பியப் போட்டு மூடிவிடும்."

மஹதியின் டெடி பொம்மையின் வைக்கோல் தொப்பி சாமிக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. புருவம் வரை இழுத்துவிட்டால் நெற்றி தெரியவில்லை. தொப்பியில் மட்டும் இளஞ்சிவப்பு ரிப்பன். ரிப்பனை அவிழ்த்தால் தொப்பியே அவிழ்ந்துவிடும் என்று மஹதி அழுததால் அது அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்கார்னாவின் கூட்டம் வந்து சேர்வதற்குள் குமாரசாமி பூஜை அலமாரிக்கு முன்னால் தமயந்தியின் பட்டுப்புடவையைக் குறுக்கே கட்டிவிட்டான்.

"சாமி எங்கே?" என்றார் என்கார்னா.

"திரைக்குப் பின்னாடி இருக்கார். எங்க வழக்கம். திருவிழாவுக்கு முன்னாடி சில நாள் யாரும் பார்க்கக்கூடாது."

தமயந்தி அவனைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துவிடும். "எந்த ஊர் வழக்கம்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் கேட்டாள்.

"இந்த ஊர் வழக்கம். இப்பத்தான் ஆரம்பிச்சேன்."

நம் கலாசாரத்தை அயல்நாட்டில் வளர்க்க ஆள் இல்லை என்று யாராவது இனிமேல் வருத்தப்பட்டால் குமாரசாமியிடம் அனுப்பிவைக்கலாம். மூன்றே நாளில் இரண்டு புது வழக்கம் வளர்த்துவிட்டான்.

கூட்டம் மெய்மறந்து திரையைக் கும்பிட்டது. ஒரு ஸ்பெயின் மாமி புடவையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என்கார்னாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்படின்னா ஊர்வலத்தன்னிக்கு சாமியை நீதான் தூக்கணும் குமார். பந்தல்ல எல்லார் முன்னாடியும் நீதான் திரையை எடுக்கணும். ரஃபாவும் வெலிங்டன்லேர்ந்து வரான். அவனும் பார்க்கட்டும், இங்க எப்படிப்பட்ட மனுஷங்க குடியிருக்காங்கன்னு."

குமாரசாமி திரையின் முடிச்சை இன்னும் இறுக்கினான். "ஊர்வலமே திரையோடவே..." என்று இழுத்தான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வெளியே போகிறபோது பாக்கோ கடைசியாக நின்றார். திரையைப் பார்த்தார். குமாரசாமியின் விரல் இடுக்கில் ஒட்டியிருந்த ஆரஞ்சுப் பெயின்ட்டைப் பார்த்தார்.

"தண்ணி பட்டுதா?"

"சே சே! ஒரு சொட்டுகூட இல்லைங்க."

பாக்கோ தலையை ஆட்டிவிட்டு மெதுவாகப் படியிறங்கிப் போனார்.

அன்றைக்கு ராத்திரி தமயந்தி சொன்னாள். "பேசாம உண்மையைச் சொல்லிடுங்க. நானே செஞ்சேன்னு சொல்றேன்."

"சொன்னா நாளைக்கே ரஃபா புல்டோசரோட வந்து நிப்பான். மஹதியைத் தூக்கிட்டு எங்க போறது? மறுபடியும் பாபடோயிட்டோய்ல அந்த கராஜுக்கா?"

வந்த புதிதில் இருந்த கராஜின் ஈரச் சுவரும் மஹதியின் ராத்திரி இருமலும் இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது. தமயந்தி தூங்குகிற பெண்ணுக்குப் போர்வையை இழுத்துவிட்டாள்.

ஊர்வல நாள் வந்தது. ஆக்லாந்தின் மே மாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் வெயில் அடித்தது. கூட்டம் தெருவில் இறங்கியதும் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. முன்னால் ஒருவர் அக்கார்டியன் வாசித்தார். பின்னால் பெண்கள் பாடிக்கொண்டு வந்தார்கள். நடுவில் வெள்ளைச் சட்டையில் குமாரசாமி, பட்டுத்துணி போர்த்திய சாமியை மார்போடு அணைத்துக்கொண்டு, வழியெல்லாம் முருகனை வேண்டிக்கொண்டே நடந்தான். முருகா, மழை வேண்டாம். வேறெதுவும் கேட்கவில்லை.

தெருமுனை மளிகைக் கடையைத் தாண்டும்போது மழை கொட்டியது.

ஓடவும் முடியாது. சாமியைத் தூக்கிக்கொண்டு யார் ஓடுவார்கள்? பந்தலுக்கு வந்து சேர்வதற்குள் குமாரசாமியின் சட்டையில் நெஞ்சிலிருந்து பெல்ட் வரை ஆரஞ்சு ஆறு ஒன்று இறங்கியிருந்தது. செல்வரத்தினம் தாடிக்கு அடித்தது, மழையில் கரைகிற சாதி.

"அப்பா, யூ ஆர் லீக்கிங்" என்றாள் மஹதி.

"திரையை எடு குமார்" என்றார் என்கார்னா.

"மழை நிக்கட்டுமே. எங்க வழக்கம்..."

"அம்மா, குளுருது. சீக்கிரம் முடிங்க" என்றான் ரஃபா, போனைப் பார்த்துக்கொண்டே.

என்கார்னாவே கையை நீட்டித் துணியை இழுத்துவிட்டார்.

அக்கார்டியன் நின்றது. இளஞ்சிவப்பு ரிப்பன் தொப்பிக்குக் கீழே, சிவந்த முகமும் முறுக்கு மீசையும் பாதித் தாடியுமாகச் சான் இசித்ரோ எல்லாரையும் பார்த்தார். என்கார்னா தொப்பியைக் கழற்றினார். ஈர நெற்றியில் மூன்று வெள்ளைக் கோடுகள் பளபளத்தன.

குமாரசாமி மெதுவாகத் தமயந்தியைத் திரும்பிப் பார்த்தான். இதற்குமேல் சொல்ல ஒரு வழக்கமும் கைவசம் இல்லை.

"மன்னிச்சிடுங்க" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். "எல்லாம் என் தப்பு. பாக்கோ சொன்னதை நான் வீட்டுல சொல்லவே இல்லை. எங்க வீட்டுச் சாமியைக் குளிப்பாட்டுற மாதிரியே பால் ஊத்திட்டோம். எங்க விபூதியைப் பூசினோம். தேய்ச்சுப் பார்த்தோம், போகலை. விளக்கு, திரை எல்லாமே பொய். நீங்க நம்பிக் கொடுத்தீங்க. நான் கெடுத்துட்டேன்."

இந்தத் தடவை அவன் அழுததற்குப் பரிசு கொடுக்க ஆள் இல்லை. தமயந்தி பக்கத்தில் வந்து நின்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். காலையில் குளித்துவிட்டு இட்ட விபூதி அவள் நெற்றியில் மழையிலும் லேசாகத் தெரிந்தது.

என்கார்னா சாமியின் நெற்றியைப் பார்த்தார். தமயந்தியின் நெற்றியைப் பார்த்தார். விரலால் சாமியின் கோடுகளைத் தொட்டார், பிறகு தமயந்தியின் நெற்றியைத் தொட்டார். அப்புறம் அவருக்கும் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது.

"எங்க ஊர்ல ஒரு பழக்கம் உண்டு" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "சாமியை வெச்சிருந்த குடும்பம் அவருக்கு ஏதாவது கொடுக்கணும். சிலர் ரிப்பன் கொடுப்பாங்க, சிலர் மெழுகுவத்தி கொடுப்பாங்க. இத்தனை வருஷத்துல நீங்க யாராவது அவரைக் குளிப்பாட்டினீங்களா? பால் கொடுத்தீங்களா? இவங்க தங்களோட நெத்தியையே கொடுத்திருக்காங்க!"

ஸ்பெயின் மாமிகள் மூக்கை உறிஞ்சினார்கள். ஒருவர் தமயந்தியைக் கட்டிக்கொண்டார். "ரிப்பனும் இருக்கு பாருங்க" என்று இன்னொருவர் டெடி தொப்பியைத் தூக்கிக் காட்டினார்.

"அம்மா, அது வெறும் பெயின்ட் உரிஞ்ச..." என்று ரஃபா ஆரம்பித்தான்.

"நீ சும்மா இரு! உன் டவுன்ஹவுஸை எல்லாம் நான் போனப்புறம் கட்டிக்கோ. குமார், இந்த வீட்டுல நான் இருக்கிறவரைக்கும் நீயும் இருக்கே. அந்தக் கோடுகளை யாரும் அழிக்கக்கூடாது. வருஷா வருஷம் அப்படியே ஊர்வலம் போகும்."

அக்கார்டியன் மறுபடி ஆரம்பித்தது. தட்டுத் தட்டாகத் தின்பண்டம் வந்தது. தமயந்தி குமாரசாமியின் காதருகில், "பழனி விபூதின்னு சொன்னேன்ல?" என்றாள். குமாரசாமிக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. கொஞ்ச நேரத்திலேயே அவன் இரண்டு பேரிடம் நம் விபூதியின் மகிமையை விளக்க ஆரம்பித்திருந்தான். மூன்றாவது ஆள் கேட்டபோது விபூதியின் வயசு இரண்டாயிரம் வருஷம் ஏறியிருந்தது.

பந்தலின் ஓரத்தில் பாக்கோ சாமியை மடியில் வைத்து, ஒரு துண்டால் பதமாகத் துவட்டிக்கொண்டிருந்தார். குமாரசாமி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"தண்ணி படலைன்னு சொன்னே" என்றார் பாக்கோ.

"பொய் சொல்லிட்டேங்க. மன்னிச்சுக்குங்க. எங்க விபூதி இவ்வளவு அழுத்தமாப் பிடிக்கும்னு சத்தியமா எனக்கே தெரியாது."

பாக்கோ கூட்டத்துக்குள் என்கார்னா எங்கே இருக்கிறார் என்று பார்த்துக்கொண்டார். அப்புறம் சாமியின் பக்கத்திலிருந்த மாட்டின் முதுகைத் துண்டால் ஒற்றிவிட்டு, "ஸ்பெயின்ல எந்த மாட்டுக்காவது இப்படித் திமில் பார்த்திருக்கியா?" என்றார்.

"நான் ஸ்பெயினே பார்த்ததில்லைங்க."

"நல்லவேளை, என்கார்னா சாமி முன்னாடி வந்தா கண்ணை மூடிக்குவா. இல்லேன்னா இருபது வருஷம் ஓட்டியிருக்க முடியாது."

"எதை?"

பாக்கோ அவன் காதருகில் குனிந்தார்.

"எங்க ஊர்ச் சாமி கன்டெய்னர்லயே தூள் தூளாத்தான் வந்தாரு. இவரைத் தெருமுனை மளிகைக் கடையில வாங்கினேன். உங்க ஆளுங்க வருஷா வருஷம் படிப்படியா அடுக்கி வெப்பாங்களே, அந்தப் பொம்மை. மீசை, மூணு கோடு, மாடு எல்லாம் கடையிலேயே இருந்தது. அங்கி, தொப்பி, தாடி மட்டும்தான் எங்க ஊரு."